சங்கு ஊதினால் வெளியே

அம்மான், ஜோர்டான்
26 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெய் பீம். நானும் கரோலினும் தென்றலும் நன்றாக இருக்கிறோம். இந்தக் குளிரில் உங்கள் முழங்கால் என்ன பாடுபடுத்துகிறதோ! தைலம் தேய்க்கிறீர்களா, பாட்டிலை அலமாரியில் அழகுக்கு வைத்திருக்கிறீர்களா?

வழக்கம்போல இதை எழுதிப் படம் பிடித்து உங்கள் பக்கத்து வீட்டு டென்சிலின் போனுக்கு அனுப்புகிறேன். அவன் பெங்களூர் ஆபீசில் அச்செடுத்து மாலை ரயிலில் கொண்டுவந்து தருவான். போனில் பேசினால் இரண்டு நிமிடத்தில் முடிகிற சமாச்சாரம். நீங்கள்தான், “போன்ல பொய் சொல்றது ஈசிடா. எழுதச் சொன்னா கை கூசும்” என்று கடிதமாகக் கேட்கிறீர்கள். உங்களிடம் வாய் கொடுத்து ஜெயித்தவன் யார்?

விஷயத்துக்கு வருகிறேன். தம்மபாலன் மாமா போன பிறகு நீங்கள் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டைத் தாண்டிப் போனதாகத் தெரியவில்லை. ஜூலையில் தென்றலுக்கு லீவு. வந்து ஒரு மாதம் எங்களோடு இருங்கள். சாக்கடலில் மிதக்கலாம். பாறையைக் குடைந்து கட்டிய பெட்ரா நகரத்தைப் பார்க்கலாம். டிக்கெட் என் பொறுப்பு. என்னை வளர்த்த அக்கா என்று உங்களை ஊருக்கெல்லாம் காட்டி நானும் பெருமையடித்துக்கொள்ள வேண்டாமா?

பக்கத்து நாட்டில் சண்டை என்று பயப்படாதீர்கள். போன வாரம் நிறுத்திவிட்டார்கள். எங்கள் பக்கம் ஒன்றுமில்லை.

உங்கள் தம்பி,
எழிலன்

அத்தை, வரும்போது மிளகு முறுக்கு கொண்டுவரவும். அம்மா செய்வது கல் மாதிரி இருக்கிறது. இதை அம்மா படிக்கவில்லை. – தென்றல்

*

நந்திதுர்க், கோலார் தங்க வயல்
9 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி எழிலனுக்கு,

ஜெய் பீம். முழங்கால் அதன் இடத்தில் இருக்கிறது, நான் என் இடத்தில் இருக்கிறேன். மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

உன் கடிதத்தை என்னிடம் தருவதற்கு முன்பே டென்சில் அவன் அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டான். மரியகுழந்தை அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “இன்னா சாரதா இது? ஞாயிறு தவறாம கோயிலுக்குப் போறவ நானு. ஜோர்டான் நதி பாக்கப் போறது நீயா? உங்க புத்தருக்கும் அந்த ஊருக்கும் இன்னா சம்மந்தம்?” என்கிறாள். சம்பந்தம் என் தம்பி அங்கே இருப்பதுதான் என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவள் பத்து நிமிடத்தில் ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தாள். ஆற்றுத் தண்ணீர் வேண்டுமாம்.

எனக்கும் ஆசைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் “எங்கள் பக்கம் ஒன்றுமில்லை” என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் இடிக்கிறது. உன் மாமா சுரங்கத்தில் இருந்த காலமெல்லாம் வீட்டுக்குள் நுழையும்போது சொன்னது அதே வாக்கியம். “கீழ ஒண்ணும் இல்ல.” பக்கத்து லெவலில் பாறை வெடித்து ஆள் போயிருப்பான். இங்கே என் அலுமினியப் பாத்திரமெல்லாம் உருண்டு விழுந்திருக்கும். அவர் கை கழுவிக்கொண்டே, “அது பக்கத்து லெவல், நம்ம லெவல்ல ஒண்ணும் இல்ல” என்பார். பூமிக்குள் அவரவருக்கு வேலி போட்டா வைத்திருக்கிறார்கள்?

யோசித்துச் சொல்கிறேன். என்னைப் பயமுறுத்தாமல் இருப்பதற்காக எதையும் மறைக்காதே. அது ஒன்றுதான் எனக்குப் பிடிக்காது.

அன்புடன்,
அக்கா சாரதா

*

அம்மான்
23 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெய் பீம். எல்லோரும் நலம். கரோலினுக்கு மட்டும் சளி. உங்கள் ரத்த அழுத்த மாத்திரை தீர்வதற்கு முன் வாங்கி வையுங்கள், தீர்ந்த பிறகு அல்ல.

பதில் தாமதமாகிவிட்டது. தொழிற்சாலையில் வேலை அதிகம். ஆயிரம் தையல் இயந்திரம் ஓடுகிற இடத்தில் மெக்கானிக்காக இருப்பவனுக்கு மூச்சு விட நேரமில்லை.

பக்கத்தில் மறுபடி சண்டை தொடங்கியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். மறைக்காதே என்றீர்கள், மறைக்கவில்லை. ஆனால் அம்மானில் கடைகள் திறந்திருக்கின்றன, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், நோன்பு மாதம் என்பதால் ஊரே விளக்கு கட்டி இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள்தான் குறைந்துவிட்டார்கள். பெட்ராவில் ஒட்டகக்காரர்கள் ஈ ஓட்டுகிறார்கள். நீங்கள் வந்தால் ராஜமரியாதைதான்.

பாஸ்போர்ட்டுக்காவது எழுதிப் போடுங்கள். பாஸ்போர்ட் எடுத்தவர்கள் எல்லோரும் பறந்தே ஆக வேண்டும் என்று சட்டமில்லை.

அன்புடன்,
எழிலன்

அத்தை, முறுக்கு இரண்டு டப்பா. ஒன்று என் தோழிக்கு. – தென்றல்

*

நந்திதுர்க்
16 ஏப்ரல் 2025

அன்புத் தம்பிக்கு,

ஜெய் பீம். முந்தாநாள் பாபாசாகேப் பிறந்தநாள் ஊர்வலத்தில் நடந்ததில் கால் கொஞ்சம் வீக்கம், மனசு நிறைய சந்தோஷம். கரோலினுக்குச் சளி விட்டதா? மிளகுக் கஷாயம் வைத்துக் கொடு. அவள் வைத்துக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்திருக்காதே.

பாஸ்போர்ட் வந்துவிட்டது! விசாரிக்க வந்த போலீஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, “யாக்கம்மா ஈ வயசல்லி?” என்று கன்னடத்தில் கேட்டார். இந்த வயசில் எதற்கு என்கிறார். அங்கன்வாடியில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மூக்குச் சிந்திவிட்டே என் வயசு போய்விட்டது, அதனால்தான் என்று நானும் கன்னடத்திலேயே சொன்னேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

நான் முடிவு செய்துவிட்டேன். வருகிறேன். ஜூலை முதல் வாரத்துக்கு டிக்கெட் போடு. பக்கத்தில் நடக்கிற கொடுமையை நினைத்தால் வயிறு எரிகிறது, அங்கே சாகிறதும் நம்மைப் போல வீடும் பிள்ளையும் உள்ளவர்கள்தான். அதற்கு நடுவில் நான் சுற்றுலா போவது சரியா என்று இரண்டு நாள் குழம்பினேன். பிறகு நினைத்தேன், நான் பார்க்கப் போவது ஊரை இல்லை, உங்கள் மூன்று பேரை.

பெட்டி வாங்க டென்சில் கூட வருகிறான். சக்கரம் வைத்த பெட்டியாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்புடன்,
அக்கா சாரதா

*

அம்மான்
11 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெய் பீம். பத்திரமாக இருக்கிறீர்களா? உடனே ஒரு வரி எழுதுங்கள். இந்தியா பாகிஸ்தான் செய்தியைப் பார்த்து நாலு நாளாக இங்கே எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேற்று நிறுத்திவிட்டார்கள் என்றதும்தான் சோறு இறங்கியது.

ஒரு வேடிக்கை கேளுங்கள். என் மேலாளர் காலித் இந்த மாதம் குடும்பத்தோடு கேரளாவுக்குப் போவதாக இருந்தார். என்னைக் கூப்பிட்டு, “உங்கள் நாட்டில் சண்டையாமே, போகலாமா?” என்று கேட்டார். “சண்டை எல்லையில். கேரளா ரொம்ப தூரம். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை” என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, உங்களுக்கு நான் எழுதுவதும் இதேதான். அவர் என்னை நம்பவில்லை. பயணத்தை ரத்து செய்துவிட்டார்.

உங்கள் டிக்கெட் ஜூலை நான்காம் தேதிக்கு. ரத்து செய்துவிடாதீர்கள்.

அன்புடன்,
எழிலன்

அத்தை, உங்களுக்கு என் கட்டில். நான் கீழே படுப்பேன். சண்டை போட வேண்டாம், முடிவு செய்துவிட்டேன். – தென்றல்

*

நந்திதுர்க்
15 ஜூன் 2025

எழிலா,

மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்? வேறு எதுவும் எழுதுவதற்கு முன் அதற்குப் பதில் வேண்டும்.

முந்தாநாளிலிருந்து டிவியில் அதே படம். இஸ்ரேலும் ஈரானும் அடித்துக்கொள்கின்றன, நடுவில் உங்கள் வானம். அம்மான் என்று எழுத்துப் போட்டு, வீட்டுக் கூரைகளுக்கு மேலே நெருப்புக் கோடு கோடாகப் போவதைக் காட்டுகிறார்கள். மரியகுழந்தை அக்கா ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திருப்பிக் கேட்டாள். “தண்ணி வேணாம் சாரதா, நீ போவாத” என்று அழுகிறாள். ஊறுகாய் போட அவளுக்கு வேறு பாட்டிலா இல்லை?

பெட்டி கட்டித் தயாராக இருக்கிறது. முறுக்குக்கு மாவு அரைத்தாகிவிட்டது. நான் வருவதா வேண்டாமா என்பதை நீ எழுதப் போவதை வைத்துத்தான் முடிவு செய்வேன். சங்கு ஊதுகிறதா? தென்றல் தூங்குகிறாளா? பயமாக இருந்தால் பயம் என்று எழுது. அதைப் படித்துவிட்டு நான் உட்கார்ந்துவிட மாட்டேன். நீ மறைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வரும்.

உடனே எழுது.

அக்கா

*

அம்மான்
29 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெய் பீம். எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

சண்டை நின்றுவிட்டது. எங்கள் பக்கம் ஒன்றுமில்லை. டிவிக்காரர்கள் ஒன்றைப் பத்தாகக் காட்டுவார்கள்.

ஒரு சின்ன விஷயம். குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் வண்ணம் அடிக்கிறார்கள். சாமானெல்லாம் நடுக்கூடத்தில் குவிந்து கிடக்கிறது. வெயில் வேறு தாங்க முடியவில்லை. இந்த நேரத்தில் நீங்கள் வந்தால் உங்களுக்குத்தான் சிரமம். டிக்கெட்டைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். எப்போது என்று பிறகு எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழிலன்

*

நந்திதுர்க்
24 ஆகஸ்ட் 2025

எழிலனுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டாலும் உண்மை வராது.

இரண்டு மாதமாக உனக்கு நான் எழுதவில்லை. வீட்டுக்கு வண்ணம் அடிக்கிறார்கள் என்று படித்தபோது, கரோலினுக்கு நான் வருவது பிடிக்கவில்லை, நீ பூசி மெழுகுகிறாய் என்று நினைத்தேன். கல்யாணத்தின்போது நான் சொன்ன ஒரு வார்த்தையை இன்னும் மனசில் வைத்திருக்கிறாளோ என்று நினைத்தேன். முறுக்கு மாவை மரியகுழந்தை அக்காவிடம் கொடுத்துவிட்டு, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அழுதேன். கடிதத்தின் அடியில் தென்றலின் ஒரு வரி கூட இல்லையே என்று அதற்கும் சேர்த்து அழுதேன்.

நேற்று பங்காருபேட்டையில் ஒரு கல்யாணம். திரும்பும்போது ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பானிபூரி வண்டி. அங்கே நின்றுகொண்டு, வாய் கொள்ளாமல் ஒரு பூரியை அடைத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தேன். தென்றல்.

“நீ இன்னாடி இங்க?” என்றேன். பாவம், முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பக்கத்தில் கரோலின். தலையைக் குனிந்துகொண்டு, “அண்ணி, அவரு சொல்லவேணாம்னாரு. ஜூன் கடைசில இருந்து அம்மா வூட்லதான் இருக்கோம்” என்றாள்.

அரை மணி நேரம் ரயிலில் வந்தால் எட்டிப் பார்க்கிற தூரத்தில் என் வீட்டுப் பிள்ளை. எனக்குத் தெரியாமல் இரண்டு மாதம்! அந்த வண்டிக்காரன் முன்னால் மூன்று பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். அவன் பயந்துபோய் இன்னொரு தட்டு வைத்தான்.

பெண்டாட்டி பிள்ளையை அனுப்பிவிட்டு நீ அங்கே தனியாக இருக்கிறாய். ஏன்? உண்மையை எழுது. இந்தக் கடிதம் டென்சில் வழியாகத்தான் வருகிறது, அவன் படிக்கட்டும். ஊரே படிக்கட்டும்.

சாரதா

*

அம்மான்
27 ஆகஸ்ட் 2025

அக்கா,

மன்னித்துவிடுங்கள். நலம் விசாரித்துத் தொடங்கத்தான் நினைத்தேன், முடியவில்லை.

ஜூனில் சங்கு ஊதியது. ஒரு நாள் இல்லை, பல நாள். ஊதினால் ஜன்னலை விட்டு விலகி உள்ளே இருக்க வேண்டும் என்று உத்தரவு. தென்றல் குளியலறையில் பாய் போட்டுப் படுத்தாள். ஒரு நாள் ஏதோ ஏவுகணைச் சிதறல் வந்து இரண்டு தெரு தள்ளி ஒரு காரின் மேல் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அதன் பிறகு கதவு சாத்துகிற சத்தத்துக்கெல்லாம் அவள் நடுங்கினாள். நின்றிருந்த விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியதும் இரண்டு பேரையும் அனுப்பிவிட்டேன்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொல்லியிருந்தால் நீங்கள் என்னை நினைத்துச் சாப்பிடாமல் கிடப்பீர்கள். வாருங்கள் என்று கூப்பிட்டு ஆசை காட்டியவன், அந்த வாயாலேயே வராதீர்கள், இங்கே பயம் என்று எப்படி எழுதுவேன்? அதனால் வீட்டுக்கு வண்ணம் அடித்தேன். கரோலினை நீங்கள் தப்பாக நினைப்பீர்கள் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. நடுவில் விட்டுவிட்டு வர முடியாது. பகலில் ஒன்றும் தெரிவதில்லை. வீட்டுக்கு வந்தால்தான். ஜன்னல் இல்லாத நடையில் பாய் போட்டுப் படுக்கிறேன், செருப்பைக் காலடியில் வைத்துக்கொண்டு. இதைக் கரோலினிடம் கூடச் சொல்லவில்லை.

பயமாகத்தான் இருக்கிறது அக்கா. போதுமா?

எழிலன்

*

நந்திதுர்க்
5 செப்டம்பர் 2025

அன்புத் தம்பி எழிலனுக்கு,

ஜெய் பீம். நான் நன்றாக இருக்கிறேன். கரோலினும் தென்றலும் இப்போது என்னோடுதான் இருக்கிறார்கள், அவர்களும் நன்றாக இருக்கிறார்கள். நீ நன்றாக இல்லை. எழுதினாயே, அதுவே எனக்குப் போதும்.

தள்ளிப் போட்ட டிக்கெட்டை அக்டோபர் முதல் வாரத்துக்குப் போடு. வராதே என்று எழுதாதே. எழுதினால் டென்சிலைக் கேட்டு நானே வேறு டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவேன்.

சங்கு ஊதினால் உள்ளே போக வேண்டும் என்கிறாய். நம் ஊரில் எப்போதாவது அப்படிச் செய்தோமா? சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் சங்கு ஊதினால், அடுப்பை அணைத்துவிட்டு, கொடியில் கிடக்கிற துண்டை எடுத்துக்கொண்டு, எல்லாப் பெண்களும் வெளியேதானே ஓடினோம், சுரங்கக் குழிக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலுக்கு. துண்டு எதற்கு என்று உனக்கு ஞாபகம் இருக்கும். கீழே உலை மாதிரி சூடு. வியர்வையில் குளித்து மேலே வருகிறவருக்குக் காற்றுப் பட்டால் ஜன்னி கண்டுவிடும். துண்டோடு போகிறவள், தன் ஆள் வருவார் என்று போகிறாள். வெறுங்கையோடு யாரும் போய் நின்றதில்லை. உட்கார்ந்ததும் இல்லை, அழுததும் இல்லை. ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் மேலே வருகிறவரை அழக்கூடாது என்பது எங்களுக்குள் பேசாமலே ஒரு கட்டுப்பாடு.

நான் போய் நின்றதால் உன் மாமா தலைக்கு மேல் இருந்த பாறை நின்றுவிடவில்லை. எனக்குத் தெரியாதா? ஆனால் மேலே வந்ததும் அவர் முதலில் தேடியது என்னைத்தான். வாசலில் யாருமில்லை என்று ஒரு நாள் கூட அவர் வந்ததில்லை.

நீ ஷிஃப்ட் முடிந்து வருகிறபோது வாசலில் யாருமில்லை. அதனால்தான் வருகிறேன். கேட்பவர்களிடம் சுற்றுலா என்று சொல்லிக்கொள். சாக்கடலையும் காட்டு, வேண்டாமென்று சொல்லவில்லை.

ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அன்புடன்,
அக்கா சாரதா

*

அம்மான்
19 அக்டோபர் 2025

அன்புள்ள கரோலினுக்கு,

அண்ணி எழுதுவது. நானும் உன் வீட்டுக்காரரும் நலம். நீயும் தென்றலும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? என் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாளா அவள்?

எழிலன் கண்ணில் படக்கூடாது என்று இதைக் கவரில் ஒட்டித் தபாலில் போடுகிறேன். மெதுவாக வரட்டும், எனக்கு முன்னால் வந்தாலும் சரி, பின்னால் வந்தாலும் சரி. அவன் உனக்கு எழுதாததை நான் எழுதுகிறேன். நான் வந்தபோது நடையில்தான் பாய் கிடந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவனே சுருட்டிக்கொண்டு அறைக்குள் போனான். ரசம் சோறு இரண்டு தட்டு சாப்பிடுகிறான். பக்கத்தில் மறுபடியும் சண்டையை நிறுத்திவிட்டார்களாம். எத்தனை நாளைக்கோ, அந்த ஜனங்கள் கொஞ்சம் மூச்சு விடட்டும்.

சாக்கடலுக்குப் போனோம். உலகத்திலேயே ரொம்பத் தாழ்வான இடம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். எழிலன் படித்துச் சொல்லிவிட்டுப் பெருமையாக என்னைப் பார்த்தான். இதைவிட ஆழத்துக்கு உன் மாமா தினமும் சாப்பாட்டுத் தூக்கோடு போய் வந்தார் என்றேன். அங்கே இருந்த வெள்ளைக்காரிக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னான், அவள் என்னோடு படம் எடுத்துக்கொண்டாள். தண்ணீரில் மூழ்கிப் பார்க்கலாம் என்றால் விடமாட்டேன் என்கிறது, புடவையோடு தூக்கி மேலே போடுகிறது. பிறகு ஜோர்டான் நதி. மரியகுழந்தை அக்காவிடம் சொல்லாதே, நம் பேத்தமங்கலம் ஏரி வாய்க்கால் அதைவிட அகலம். பாட்டிலை நிரப்பிவிட்டேன்.

போன வாரம் ஒரு நாள் இங்கே குடியிருப்பில் சங்கை ஊதிப் பார்த்தார்கள், சோதனைக்கு. நான் சும்மா கேட் வரைக்கும் போய்ச் சற்று நின்றுவிட்டு வந்தேன். வேறு ஒன்றுமில்லை.

கல்யாணத்தின்போது உன்னிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாம் நான். நேரில் சொல்ல வாய் வராது, அதனால் எழுதிவிட்டேன்.

தென்றலுக்கு முத்தம்.

அன்புடன்,
அண்ணி சாரதா

*

அம்மான்
16 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெய் பீம். ஊர் போய்ச் சேர்ந்த களைப்புத் தீர்ந்ததா? மரியகுழந்தை அக்கா அந்தத் தண்ணீரைத் தெருவிலுள்ள எல்லோர் தலையிலும் தெளித்ததாகவும், முதல் தெளிப்பு உங்களுக்குத்தான் என்றும் டென்சில் எழுதியிருக்கிறான்.

நீங்கள் தபாலில் போட்ட கடிதம் போன வாரம்தான் கரோலினுக்குக் கிடைத்ததாம். படித்து ரொம்ப நேரம் அழுதாளாம். எனக்கும் படம் பிடித்து அனுப்பினாள். கோபித்துக்கொள்ளாதீர்கள். “சும்மா கேட் வரைக்கும் போய்ச் சற்று நின்றுவிட்டு வந்தேன். வேறு ஒன்றுமில்லை.” அக்கா, எழுதச் சொன்னால் கை கூசும் என்பீர்களே, உங்களுக்குக் கூசவில்லையா? மாமாவிடமிருந்து இதையும் கற்றுக்கொண்டுவிட்டீர்களா?

அன்று நடந்ததை நான் எழுதுகிறேன். நீங்கள் இருந்தபோது என்னால் பேச முடியவில்லை.

சோதனை இருப்பது எனக்கு முதல் நாளே தெரியும். படிக்கட்டில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள், அரபியிலும் ஆங்கிலத்திலும். உங்களிடம் சொன்னால் வீணாகப் பயப்படுவீர்கள் என்று சொல்லாமல் வேலைக்குப் போனேன். அத்தனை கடிதத்துக்குப் பிறகும் திருந்தாத ஜென்மம் நான்.

காலையில் சங்கு ஊதியதும் குடியிருப்பில் எல்லோரும் ஒத்திகைப்படி கீழ்த்தளத்துக்குள் போனார்கள். நீங்கள் ஒருத்தர்தான் கூட்டத்துக்கு எதிராக வெளியே வந்தீர்களாம். காவலாளி பிறகு என்னிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். உள்ளே போங்கள் என்று தடுத்தாராம், நீங்கள் அவரை விலக்கிவிட்டுத் தொழிற்சாலைச் சாலையைப் பார்த்து நின்றீர்களாம். நாற்காலி போட்டாராம், உட்காரவில்லையாம். சோதனை முடிந்து எல்லோரும் மேலே போய், சமைத்து, சாப்பிட்டு, துணி காயப்போட்டு, அதன் பிறகும் நின்றீர்களாம். அரபியில் அவர் எத்தனையோ முறை “ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை” என்று சொன்னாராம். அந்த வார்த்தையை எந்த மொழியில் சொன்னாலும் நம்புகிறவரா நீங்கள்?

மூன்று மணிக்கு ஷிஃப்ட் பஸ் வந்தது. காலையில் தொழிற்சாலையிலும் சங்கு ஊதியதும் பங்களாதேஷ் பையன் ஒருவன் ஊசிப் பெட்டியைக் கொட்டிவிட்டான், அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தோம். இறங்கும்போது உங்களைப் பார்த்தேன். அந்த வெயிலில் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தீர்கள். தோளில் இல்லை, கையில் மடித்துப் பிடித்தபடி நீலக் கட்டம் போட்ட துண்டு.

என் சிரிப்பு நின்றுவிட்டது. கூட வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் ஒவ்வொருவராக விலகி வழி விட்டார்கள். நீங்கள் அழவில்லை, திட்டவில்லை. கிட்டே வந்து என் முகத்தைத் துடைத்தீர்கள். கழுத்தை, காதுக்குப் பின்னால், சட்டைக் காலருக்குள் எல்லாம். ஏசி பஸ்ஸில் வந்தவன், எனக்கு வியர்க்கவே இல்லை. ஆனாலும் துடைத்தீர்கள். “வாடா, சோறு ஆறிடிச்சி” என்றீர்கள்.

எனக்கு எட்டு வயசிருக்கும், ஷாஃப்ட் வாசலில் உங்களோடு நின்றேன். மாமாவுக்கு வைத்திருந்த துண்டின் ஒரு முனை என் கையில் இருந்தது. கேஜ் திறந்து மாமா வந்தபோது ஏன் எல்லோரும் அப்போது மட்டும் அழுதீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. நீங்கள் கேட்டில் நின்ற அன்று சாப்பாட்டு மேசையில் நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே அழுதேனே, காரம் என்று சொன்னேன். காரம் இல்லை.

இனி உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். இங்கே இப்போது அமைதி. நான் அதை முழுசாக நம்பவில்லை. அறைக்குள்தான் படுக்கிறேன், ஆனால் சில நாள் செருப்பு மறுபடி காலடிக்கு வந்துவிடுகிறது. நீங்கள் போன பிறகு ஷிஃப்ட் முடிந்து இறங்கும்போது என்னை அறியாமல் கேட்டைப் பார்க்கிறேன். காவலாளியும் பார்க்கிறார். “உங்கள் அக்கா?” என்று விமானம் பறப்பதுபோலக் கையைக் காட்டிக் கேட்கிறார். ஆமாம், ஊருக்குப் போய்விட்டார்கள் என்கிறேன்.

டிசம்பர் இருபதாம் தேதி புறப்படுகிறேன். ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கேட்கிறார்கள். திரும்புவதா வேண்டாமா என்பதை நாம் நாலு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம். நான் மட்டும் தனியாக எதையும் முடிவு செய்து, அதற்கு ஒரு பொய்யும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

பெங்களூரில் இறங்கி ரயிலில் வருகிறேன். கரோலினும் தென்றலும் ஸ்டேஷனுக்கு வருவார்கள். நீங்களும் பங்காருபேட்டை பிளாட்பாரத்தில் நில்லுங்கள். டிசம்பர் குளிரில் எனக்கு வியர்க்காது. இருந்தாலும் துண்டைக் கொண்டுவாருங்கள்.

உங்கள் தம்பி,
எழிலன்